தார் வெட்டின வாழையில் காகிதம் எடுப்பது எப்படி

பழைய செய்தித்தாளை ஊறவைத்து, மிக்ஸியில் அடித்து, சல்லடையில் வடித்துக் காயவைக்கிற வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. பிள்ளைகளோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக அது போதும். ஆனால் அது காகிதத்திலிருந்து காகிதம். கஷ்டமான பாதி வேலையை ஏதோ ஒரு ஆலை ஏற்கெனவே முடித்துக் கொடுத்துவிட்டது. செடியிலிருந்து நேரடியாக எடுப்பது வேறு கதை. அதில் நேரமெல்லாம் வேகவைப்பதிலும் கழுவுவதிலும் இடிப்பதிலும்தான் போகும், தாள் வார்ப்பது கடைசி ஒன்றிரண்டு மணி நேரம். இது தெரியாமல் இறங்கி முதல் இரண்டு தடவையும் கெடுத்தேன், அதனால் இங்கே அந்த மூன்றைத்தான் நீட்டி எழுதப்போகிறேன்.

முதலில் எதை எடுப்பது என்று பார்ப்போம். விவசாயக் கழிவு என்று சொல்லிவிடலாம், ஊருக்குள் போய்க் கேட்டால்தான் பாதிக் கழிவுக்கு ஏற்கெனவே ஆள் இருப்பது தெரியும். காவிரிக் கரையில் தொட்டியம் பக்கம் எங்கள் சித்தப்பாவிடம் நான் முதலில் கேட்டது வைக்கோல். "மாட்டுக்கு அப்புறம் என்ன, பேப்பரா போடறது?" என்று சிரித்தார். சோளத்தட்டையும் அப்படித்தான். கரும்புச் சக்கை என்றால் சர்க்கரை ஆலைக்கு அது கொதிகலன் எரிபொருள். காவிரியில் எங்களுக்குக் கொஞ்சம் மேலே, புகளூரில் இருக்கும் தமிழ்நாடு காகித ஆலையை 1979-ல் தொடங்கியதே கரும்புச் சக்கையை நம்பித்தான், அங்கேகூட சக்கை சும்மா வந்துவிடாது, எரிக்க வைத்திருந்ததைக் கொடுக்கிற சர்க்கரை ஆலைக்கு ஈடாக வேறு எரிபொருளோ நீராவியோ தரவேண்டும். சித்தப்பா கடைசியில் கைகாட்டியது வாழையை. தார் வெட்டினபிறகு நிற்கிற அந்த மரத்தை வெட்டி வரப்பில் தள்ளக் கூலி கொடுக்கிறார்கள், உள்தண்டு மட்டும் கொஞ்சம் சமையலுக்குப் போகும், மீதி கிடந்து அழுகும். உங்கள் ஊரில் எதற்கு இப்படி ஆள் இல்லையோ அதை எடுங்கள்.

வாழையில் வேறு வசதியும் இருக்கிறது. செடியின் நார்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருக்கிற பசை மாதிரியான பொருளுக்கு லிக்னின் என்று பெயர். காகிதக்கூழ் எடுப்பது என்றாலே அந்த லிக்னினைக் கரைத்து வெளியேற்றி, செல்லுலோஸ் நாரை மட்டும் நிறுத்திக்கொள்வதுதான். மரத்தில் லிக்னின் எடையில் கிட்டத்தட்டக் கால்பங்கு இருக்கும், அதனால் ஆலைகள் காஸ்டிக் சோடா போட்டு, அழுத்தத்தில், 150 டிகிரிக்கு மேல் வேகவைக்கின்றன. வாழை, வைக்கோல், மக்காச்சோளக் கதிரின் உறை இதிலெல்லாம் லிக்னின் குறைவு, திறந்த அண்டாவில் சலவை சோடாவுக்கே மசியும். வைக்கோல் நார் குட்டை, கூடவே மணல் மாதிரி சிலிக்கா நிறைய, அதனால் தனியாகச் செய்தால் மொடமொடவென்று உடைகிற தாள் வரும். வாழை நார் அதைவிட நீளம், பூக்காரம்மா அதை வைத்துத்தானே சரம் கட்டுகிறார். தேங்காய் நார் பக்கம் மட்டும் போகாதீர்கள். நார் என்று பெயர் இருக்கிறதே தவிர அதில் லிக்னின் மரத்தைவிட அதிகம், ஒரு நாள் முழுக்க எரித்தாலும் கயிறாகவே இருக்கும்.

மட்டையை உரித்து, வெளிப்பக்கத்து இரண்டு மூன்று அடுக்கை எடுத்துக்கொள்ளுங்கள், உள்ளே போகப்போக நார் மெலிந்து தண்ணீர்தான் அதிகம். பச்சை மட்டையைப் பலகையில் வைத்து மழுங்கிய கத்தியால் அழுத்தி வழித்தால் வெள்ளையாகச் சதை கழன்று வரும். இந்தச் சதையை விட்டுவிட்டு அப்படியே வேகவைத்தாலும் காகிதம் வரும், ஆனால் தாள் வார்க்கிற வலைச் சட்டத்தில் தண்ணீர் இறங்க வெகுநேரமாகும், காயும்போது தாள் சுருங்கி அப்பளம் மாதிரி விறைக்கும். நான் முழுதாக வழிப்பதில்லை, முக்கால்வாசி போனால் போதும் என்று விட்டுவிடுவேன், கை வலிக்கிறது. அப்புறம் இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டிக்கொள்ளுங்கள். இந்த வெட்டு முக்கியம், காரணம் மிக்ஸி வரும்போது சொல்கிறேன். பச்சை மட்டை பத்துக் கிலோ காய்ந்தால் ஒரு கிலோகூடத் தேறாது, வழித்திருந்தால் அதிலும் பாதிகூட மிஞ்சாது, எனவே மூட்டையாகத்தான் கொண்டுவர வேண்டும்.

இப்போது அளவு. காய்ந்த துண்டு 500 கிராம், தண்ணீர் 8 லிட்டர், சலவை சோடா 100 கிராம். ஆப்ப சோடா வேறு, அது வேலைக்காகாது. சலவை சோடா வாங்கும்போது ஒன்று கவனியுங்கள்: உலர்ந்த வெள்ளைப் பொடியாக இருந்தால் 100 கிராம், கற்கண்டு மாதிரி பளபளவென்று கட்டியாக இருந்தால் அதில் பாதிக்குமேல் தண்ணீர்தான், 270 கிராம் போட வேண்டும். என்னுடைய முதல் அண்டா வேகாமல் போனதற்கு இதுதான் காரணம் என்று ஆறு மாதம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன். காஸ்டிக் சோடா வேகமாக வேலை செய்யும், ஆனால் கண்ணில் ஒரு துளி பட்டால் பார்வையே போகலாம். முற்றத்தில் குழந்தைகளும் நாயும் ஓடுகிற வீட்டில் அது எதற்கு?

பாத்திரம் எவர்சில்வராக இருக்கட்டும். அலுமினியம் கூடவே கூடாது, சோடாவில் இருக்கிற காரம் அதை அரிக்கும், காஸ்டிக் என்றால் நுரைத்துக்கொண்டு ஹைட்ரஜன் வாயுவே கிளம்பும். சலவை சோடாதானே என்று அம்மாவின் அலுமினியக் குண்டானில் ஒருமுறை வைத்து அது கறுத்துப்போய், இன்றுவரை வீட்டில் அந்தப் பேச்சு ஓயவில்லை. இரும்புச் சட்டியும் வேண்டாம், கூழில் துரு இறங்கும்.

தண்ணீர் சூடானதும் சோடாவைத் தூவிக் கரைத்து, பிறகு ஏற்கெனவே ஓர் இரவு ஊறவைத்த துண்டுகளைப் போடுங்கள். வெளியில், விறகு அடுப்பில். கேஸில் செய்தால் சிலிண்டர் காசுக்குக் கடையில் தாளே வாங்கிவிடலாம், தவிர இந்த வாடை வீட்டுக்குள் ஆகாது, ஈர வைக்கோலும் பழைய சோப்பும் கலந்த மாதிரி ஒரு வாடை. கொதி வந்தபின் தளதளவென்று மூன்று மணி நேரம், மூடிவைத்து, அரை மணிக்கொரு தரம் கட்டையால் புரட்டிவிட்டு, தண்ணீர் வற்றினால் வெந்நீர் ஊற்றி. முதல் ஒரு மணி நேரத்தில் தண்ணீர் டீ நிறம், அப்புறம் டிகாக்‌ஷன் நிறம்.

எப்போது வெந்தது என்று கடிகாரத்தைப் பார்த்துத் தெரியாது. ஒரு துண்டை எடுத்துக் குளிர்ந்த தண்ணீரில் அலசி, இரண்டு கட்டைவிரல் நகத்துக்கு நடுவே பிடித்து நார் ஓடுகிற வாக்கில் மெல்ல இழுங்கள். வெந்திருந்தால் பஞ்சு பிரிகிற மாதிரி சத்தமில்லாமல் பிரியும், இழை இழையாக நிற்கும். கொஞ்சம் முறுக்கி இழுக்க வேண்டியிருந்தால் இன்னும் அரை மணி. பாதி துண்டு பிரிந்து பாதி பிரியவில்லை என்றால் பிரியாததுதான் கணக்கு, ஏனென்றால் வேகாத ஒரு துண்டை இடித்து எந்தக் காலத்திலும் சரிசெய்ய முடியாது, அது தாளில் குச்சியாக நிற்கும்.

ஆறியதும் கழுவ வேண்டும். கழுவுவது என்றால் ஒரு அலசல் கிடையாது. பழைய வேட்டித் துணியில் கூழைக் கட்டி, வாளித் தண்ணீரில் அமுக்கிப் பிழிந்து, தண்ணீர் மாற்றி, மறுபடி அமுக்கி, எட்டுப் பத்து வாளியாவது போகும். கையில் வழவழப்பு இருக்கும்வரை சோடா இருக்கிறது என்று அர்த்தம். கடைசிச் சோதனைக்கு நம் வீட்டிலேயே சாமான் இருக்கிறது: வெள்ளைத் துணியில் கொஞ்சம் மஞ்சள்தூளைக் குழைத்துத் தடவி, பிழிந்த தண்ணீரை அதில் ஒரு சொட்டு விடுங்கள். ஆரத்தித் தட்டில் மஞ்சளில் சுண்ணாம்பு பட்டதும் சிவக்கிறதே, அதேதான். சிவந்தால் இன்னும் காரம் இருக்கிறது, மஞ்சளாகவே நின்றால் முடிந்தது. சோடா மிச்சமிருந்தால் பின்னால் தாள் பழுக்கும், மையும் சரியாகப் பிடிக்காது.

அண்டாவில் மிஞ்சிய அந்தக் கறுப்புத் தண்ணீரைத் தோட்டத்துச் செடிக்கு ஊற்றிவிடலாமே என்று தோன்றும். வேண்டாம், அதில் இருக்கிற சோடியம் மண்ணை இறுக்கிவிடும், உவர் நிலம் இருக்கிற ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லவே தேவையில்லை. நான் பத்து மடங்கு தண்ணீர் கலந்து, எதுவும் பயிரிடாத கட்டாந்தரையில் பரவலாக ஊற்றுகிறேன், அதுவும் வருஷத்தில் மூன்று நாலு அண்டாதான். பெரிதாகச் செய்ய நினைப்பவர்கள் முதலில் யோசிக்க வேண்டியது இந்தத் தண்ணீரை. ஆலைகளுக்கே பெரிய செலவும் தலைவலியும் இதுதான், இதைக் காய்ச்சி எரித்து சோடாவைத் திரும்ப எடுக்கத் தனிப் பிரிவே இருக்கும், வைக்கோல் என்றால் அந்த சிலிக்கா குழாயெல்லாம் படிந்து அந்த வேலையையும் கெடுக்கும். சலவை சோடாவுக்குப் பதிலாக அடுப்புச் சாம்பலை ஊறவைத்து வடித்த தெளிநீரிலும் வேகவைக்கலாம். அதில் இருப்பது பொட்டாஷ், செடிக்கு அவ்வளவு கெடுதல் இல்லை, ஆனால் சாம்பலுக்குச் சாம்பல் காரம் மாறும், வேகும் நேரமும் கூடும்.

இடிப்பதுதான் காகிதம். கழுவிய கூழைப் பார்த்தால் ஏற்கெனவே நார் பிரிந்திருக்கும், இதையே சட்டத்தில் வார்த்தால் என்ன என்று தோன்றும். வார்த்தால் தாள் மாதிரிதான் வரும், காய்ந்ததும் மூலையைப் பிடித்துத் தூக்கினால் உதிரும். காகிதத்தில் பசை கிடையாது. நாரும் நாரும் ஈரத்தில் நெருங்கி, காயும்போது தாமாகவே பிடித்துக்கொள்கின்றன. அப்படிப் பிடிக்க நாரின் மேல்தோல் கிழிந்து, பூனைமுடி மாதிரி மெல்லிய பிசிறு கிளம்பியிருக்க வேண்டும். அதற்குத்தான் இடி.

எங்கள் வீட்டில் பாட்டி காலத்துக் கல் உரல் சும்மா கிடந்தது. கூழை ஒரு தேங்காய் அளவு உருட்டிப் போட்டு, கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்து உலக்கையால் முக்கால் மணி நேரம், நடுநடுவே புரட்டிவிட்டு. முதல் கால் மணி நேரம் சொத் சொத்தென்று தெறிக்கும், எதுவும் மாறாத மாதிரியே இருக்கும். அப்புறம் சத்தம் மாறும், கூழ் உரலோடு ஒட்டிக்கொண்டு களி மாதிரி ஒரே உருண்டையாக உலக்கையோடு எழும்பிவரும், அப்போதுதான் பதம். உரல் இல்லாதவர்கள் துணி துவைக்கிற கல்லில் வைத்துக் கட்டையால் அடிக்கலாம்.

மிக்ஸி? பயன்படுத்தலாம், ஆனால் மிக்ஸி நாரை வெட்டும், இடிக்காது, இரண்டும் ஒன்றில்லை. வெட்டின நாரில் தாள் சீராக வரும், பலம் குறையும். நான் உரலில் அரை மணி இடித்துவிட்டு, கட்டி உடைய மட்டும் ஒரு கைப்பிடிக் கூழுக்கு முக்கால் ஜார் தண்ணீர் ஊற்றி பத்துப் பத்து விநாடியாக இரண்டு மூன்று முறை ஓட்டுவேன். மட்டையை இரண்டு சென்டிமீட்டருக்கு வெட்டச் சொன்னது இதற்காகத்தான். முதல் தடவை முழ நீள நாரை அப்படியே போட்டேன், பிளேடைச் சுற்றிக் கயிறு திரிந்து, மோட்டார் முனகி, புகைந்து நின்றுவிட்டது. அலுமினியக் குண்டானுக்கு அடுத்தபடியாக அதுவும் என் கணக்கில் இருக்கிறது.

பதம் பார்க்க ஒரு கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, ஒரு சிட்டிகைக் கூழைப் போட்டுக் குலுக்கி, வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். மேகம் மாதிரி ஒரே சீராக மிதந்தால் சரி. முடிச்சு முடிச்சாகத் தெரிந்தால் திரும்ப உரலுக்கு.

சட்டம் செய்வது சின்ன வேலை. ஒரே அளவில் இரண்டு மரச்சட்டம், உள் அளவு 21-க்கு 29.7 சென்டிமீட்டர் வைத்தால் ஏ4 தாள் வரும். ஒன்றில் ஜன்னலுக்கு அடிக்கிற நைலான் கொசுவலையை இழுத்து, தொய்வே இல்லாமல், துருப்பிடிக்காத ஆணியால் அடியுங்கள். மற்றது வெறும் சட்டம், வலையின் மேல் உட்கார்ந்து தாளின் விளிம்பைப் பிடிக்கும். வலைக் கண் பெரிதாக இருந்தால் இரட்டையாக மடித்து அடிக்கலாம்.

சட்டத்தைப் படுக்கையாக முழுக்க அமுக்குகிற அளவுக்கு அகலமான டப்பில் 20 லிட்டர் தண்ணீர். எவ்வளவு கூழ் என்பதற்கு ஒரு கணக்கு: 500 கிராம் மட்டை வெந்து கழுவி நிற்கும்போது உலர் எடையில் 200, 250 கிராம்தான் மிஞ்சும். ஏ4 பதினாறு சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர், வாழ்த்து அட்டைக்கு ஏற்ற 140 கிராம் கனத்தில் ஒரு தாளுக்கு 9 கிராமுக்குக் கொஞ்சம் கீழே. ஆக 500 கிராம் மட்டைக்கு இருபத்தைந்து தாளுக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். மொத்தக் கூழில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக முதலில் டப்பில் போட்டுக் கையால் கலக்கி, இரண்டு மூன்று தாளுக்கு ஒருமுறை மீதியிலிருந்து ஒரு கரண்டி சேர்த்துக்கொண்டே போங்கள், இல்லையென்றால் பத்தாவது தாள் டிஷ்யூ பேப்பர் ஆகிவிடும்.

இங்கே ஒரு வெண்டைக்காய் வித்தை. நாலைந்து முற்றல் வெண்டைக்காயை நறுக்கி ஒரு லிட்டர் தண்ணீரில் ராத்திரி ஊறவைத்து வடிகட்டினால் வழவழவென்று ஒரு நீர் வரும், அதில் ஒரு டம்ளர் டப்பில் ஊற்றினால் நார் அடியில் போய்ப் படியாமல் மிதந்து நிற்கும், வலையில் தண்ணீரும் நிதானமாக இறங்கும், தாள் திட்டுத்திட்டாக வராது. ஜப்பானில் கைக்காகிதம் செய்பவர்கள் இதற்கென்றே ஒரு செடியின் வேரைப் பயன்படுத்துகிறார்கள், அது வெண்டைக்கு நெருங்கிய சொந்தம்.

வார்க்கும்போது, கூழைக் கலக்கிவிட்டு, சட்டத்தைச் செங்குத்தாக இறக்கி, அடியில் போனதும் படுக்கையாக்கி, நேராக மேலே தூக்குங்கள். தண்ணீர் வடிய வடிய முன்னும் பின்னும், பிறகு இடவலமாக, லேசாக ஒரு ஆட்டு. மேலே இருக்கிற தண்ணீர் மினுக்கு மறைகிற நொடியில் ஆட்டுவதை நிறுத்திவிட வேண்டும், அதற்குமேல் ஆட்டினால் விரிசல் விடும். சொட்டும் தண்ணீர் ஒரு துளி அதன்மேல் விழுந்தாலும் காய்ந்தபின் வட்டமாகத் தெரியும், கையை உதறாதீர்கள். பிடிக்கவில்லை என்றால் வலையைக் கவிழ்த்துத் தண்ணீரில் தட்டிக் கரைத்துவிட்டு மறுபடி எடுங்கள். இந்த வேலையில் தப்புக்கு அபராதம் இல்லாத ஒரே கட்டம் இதுதான்.

மேல்சட்டத்தை எடுத்துவிட்டு, நனைத்துப் பிழிந்த காடாத் துணிமேல் வலையை ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு உருட்டி அழுத்தினால் தாள் துணிக்குப் போய்விடும். துணிக்குக் கீழே மடித்த துண்டு ஒன்று மெத்தென்று இருக்கட்டும். அதன்மேல் அடுத்த துணி, அடுத்த தாள். அடுக்கை இரண்டு பலகைக்கு நடுவே வைத்து, முதலில் நீங்களே ஏறி நில்லுங்கள், தண்ணீர் ஓடி நின்றதும் அம்மிக்கல்லோ சிமென்ட் கல்லோ ஏற்றி மூன்று நாலு மணி நேரம். அப்புறம் துணியோடு எடுத்து வழவழப்பான சுவரிலோ கண்ணாடியிலோ தாள்பக்கம் ஒட்டுகிற மாதிரி வைத்துத் தேய்த்துவிட்டுத் துணியை மட்டும் உரியுங்கள். நிழலில் ஒரு நாள். நேர் வெயிலில் ஓரம் சுருளும். ஐப்பசி கார்த்திகையில் இந்த வேலையே வேண்டாம், இரண்டாம் நாளே கரும்புள்ளி பூத்துவிடும்.

வெளுக்க வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. வாழைத்தாள் இளம் பழுப்பில், அங்கங்கே பளபளக்கும் இழையோடு வரும், அதை வெள்ளையாக்கி என்ன பண்ணப்போகிறோம்? பிளீச்சிங் பவுடர் நாரையும் தின்னும். விட்டுவிடுங்கள்.

இப்படியே எழுதினால் மை ஊறும், மையொற்றித் தாள் மாதிரி. பென்சிலுக்கும் பெயிண்டுக்கும் பரவாயில்லை, பேனாவுக்குப் பசை ஏற்ற வேண்டும். ஜவ்வரிசிக் கஞ்சியை நீர்க்கக் காய்ச்சி, காய்ந்த தாளின் இரு பக்கமும் தூரிகையால் தடவி, திரும்பக் காயவைத்து, சோழியால் அழுத்தித் தேய்த்தால் நல்ல மினுமினுப்பு வரும். கஞ்சி கெட்டியாக இருந்தால் ராமபாணப் பூச்சி விருந்துக்கு வந்துவிடும். படிகாரம் சேர்க்கச் சொல்வார்கள், நான் சேர்ப்பதில்லை, அதன் அமிலம் சில வருஷங்களில் தாளை மஞ்சளாக்கி நொறுக்கும்.

விற்றுப் பிழைக்கலாமா என்றால், இருபத்தைந்து தாளுக்கு மூன்று நாள் என்பதை வைத்து நீங்களே கூலி போட்டுப் பாருங்கள். தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா, 1934-ல் காந்தி தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தை வார்தாவில் இருந்து நடத்தியபோது கைக்காகிதத்தையும் ஒரு கிராமத் தொழிலாக வளர்த்தார், ஜெய்ப்பூரில் இருக்கும் தேசியக் கைக்காகித நிறுவனத்துக்கு இன்றைக்கும் அவர் பெயர்தான். அங்கெல்லாம் செய்கிற மாதிரி கூழடிக்கும் இயந்திரமும் அழுத்து இயந்திரமும் இருந்தால் கணக்கு வேறு. உரலும் அம்மிக்கல்லுமாகச் செய்கிறவருக்கு இது கல்யாணப் பத்திரிகை நாற்பது ஐம்பது, பிறந்தநாள் அட்டை, விளக்கு மறைப்பு, அவ்வளவுதான்.

டப்பில் மிஞ்சிய கூழை வடித்து, பிழிந்து, எலுமிச்சை அளவு உருண்டையாகக் காயவைத்து டப்பாவில் போட்டுவையுங்கள், அடுத்த முறை ராத்திரி ஊறவைத்து நன்றாகக் கலக்கினால் திரும்ப எழும். தயவுசெய்து பாத்திரம் கழுவும் தொட்டியில் மட்டும் ஊற்றாதீர்கள். நான் ஊற்றினேன். குழாய் வளைவில் போய் உட்கார்ந்து, நான்கு நாள் கழித்துப் பிளம்பர் வந்து வெளியே எடுத்தபோது குழாயின் உள்வடிவம் அப்படியே அச்சாக, அருமையான கெட்டிக் காகிதமாக இருந்தது, நான் சட்டத்தில் எடுத்த எதைவிடவும் பலமாக.